கிதார் பிரசன்னா

ராமசாமி பிரசன்னா (பிறப்பு: அக்டோபர் 8, 1970) கிதார் கலைஞர், இசையமைப்பாளர், இசைக்கல்வியாளர். மின்கிதாரில் கர்நாடக இசையை முழுக் கச்சேரியாக வாசிக்கும் முன்னோடிகளில் ஒருவர். ஜாஸ், ராக் ஆகிய மேற்கத்திய வடிவங்களிலும் தேர்ச்சி உடையவர். 2010-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கல்பாக்கத்துக்குத் தெற்கே செய்யூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்ட ஸ்வர்ணபூமி இசை அகாதெமியின் தலைவராக இருந்து அதன் பாடத்திட்டத்தை வழிநடத்தினார். இசை வட்டாரத்தில் ‘கிதார் பிரசன்னா’ என்றே அறியப்படுகிறார்.

இளமை, கல்வி

பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். அன்று வடாற்காடு மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சபாக்களோ பெரிய இசைப்பள்ளிகளோ நிறைந்த இடம் அல்ல. அவருடைய முதல் இசை, வானொலியில் கேட்ட திரைப்பாடல்கள்தான். சிறுவயதிலேயே கிதாரைக் கையில் எடுத்து அந்தப் பாடல்களை வாசித்துப் பழகினார்.

அது தமிழ்த் திரையிசையில் கிதார் கோலோச்சிய காலம். இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலீல் சௌத்ரி போன்றவர்களின் குழுவில் கிதார் வாசித்தவர். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிதாரை வாசித்துப் பார்க்காத இளைஞர் அந்தத் தலைமுறையில் குறைவு. கிதார் வைத்திருந்த ஒவ்வொரு கல்லூரி விடுதி அறையிலும் அது ஒரு நுழைவுத் தேர்வு போல இருந்தது.

இந்தத் திரையிசைக் கிதாருக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் மரபும் உண்டு. சென்னை மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையைக் கற்பித்துவந்தார். இளையராஜாவும் பின்னர் ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றவர்கள். அதே மயிலாப்பூரில், நடந்து போகும் தொலைவில், சபாக்களில் கர்நாடகக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் இவ்விரு உலகங்களுக்கும் இடையே போக்குவரத்து குறைவு. கிதார்க்காரருக்கு நொட்டேஷன் தெரியும், ராகத்தின் நடை தெரியாது. கச்சேரிக்காரருக்கு ராகம் தெரியும், கிதார் சினிமா வாத்தியம். பிரசன்னாவின் வாழ்க்கைப் பணி இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது.

பள்ளிப் படிப்புக்குப் பின் பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்றார். ராக் இசையும் ஜாஸும் மாணவர்களிடையே வேரூன்றியிருந்த வளாகம் அது. இன்னொரு பக்கம் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியிடமும் கர்நாடக இசையை முறையாகக் கற்றார். பொறியியல் பட்டம் பெற்றபோதும் அதைத் தொழிலாகக் கொள்ளவில்லை. ஐ.ஐ.டி. பட்டம் ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலையையே மாற்றக்கூடியதாக இருந்த ஆண்டுகள் அவை. கிதாரில் கர்நாடக இசை வாசித்துப் பிழைத்தவர் என்று சுட்டிக்காட்ட அப்போது அநேகமாக யாரும் இல்லை. அந்த நிலையில் எடுத்த முடிவு என்பதை நினைவில் வைத்தே அதை அளவிட வேண்டும்.

அயல் வாத்தியங்களின் வருகை

கர்நாடக இசைக்குள் ஒரு வெளிநாட்டு வாத்தியம் வருவது புதிதல்ல. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அது ஐரோப்பிய வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் ஆதரவில் தங்கியிருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரின் இசையைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் இட்டு ‘நோட்டுஸ்வரங்கள்’ ஆக்கினார். தம்பி வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் பெற்ற தேர்ச்சிக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்த வயலின் பரிசு பற்றி இசை வரலாற்று நூல்கள் எல்லாம் பேசுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனைக் கொண்டுவந்தார். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014), நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்வாத்தியமாக மாற்றிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வயதில் சென்னை சபாக்களை வியக்கவைத்தார். கிதாரைப் பொறுத்தவரை, 1980-களில் சுகுமார் பிரசாத் மின்கிதாரில் கர்நாடகக் கச்சேரிகள் செய்தார். பிரசன்னாவைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் அவரையே முதல்வர் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. சுகுமார் பிரசாத்தின் பெயர் இந்த வரலாற்றில் விடுபடக் கூடாது.

வட இந்தியாவில் கதை வேறு. அங்கே கிதார் ஹவாய் வழியில் வந்தது. மடியில் கிடத்தி, தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறை அது. பிரிஜ் பூஷண் காப்ரா அந்த வாத்தியத்தில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் இணைந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. பின்னர் விஸ்வமோகன் பட் அதே வழியில் மோகன வீணையை உருவாக்கி, 1994-ல் ரை கூடருடன் கிராமி விருது பெற்றார். வழுக்கி வாசிக்கும்போது மெட்டுகள் குறுக்கிடுவதில்லை. நம் கோட்டு வாத்தியம் போலக் குரலின் எல்லா வளைவுகளும் கிட்டும். பிரசன்னா இந்த எளிய வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. உலகம் முழுவதும் ராக் கலைஞர்கள் வைத்திருப்பதுபோல நிமிர்த்திப் பிடித்து, மெட்டுகளின்மேல் விரல் வைத்து வாசிக்கும் சாதாரண மின்கிதாரையே எடுத்துக்கொண்டார்.

கிதார் சென்ற நாடெல்லாம் அந்தந்த நாட்டுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட வாத்தியம். மெக்சிகோவின் மரியாச்சி இசைக் குழுக்களில் அது மூன்று உருவங்களில் இருக்கிறது. வழக்கமான கிதார், குவிந்த முதுகு கொண்ட சிறிய விவேலா, வயிறு பெருத்துக் கீழ்ஸ்தாயி ஒலிக்கும் கிதர்ரோன் என மூன்றும் சேர்ந்தே தாளத்தையும் சுருதிக்கட்டையும் தாங்குகின்றன. தமிழ்நாட்டில் வாத்தியத்தின் உருவம் மாறவில்லை. விரல்களின் வேலைதான் மாறியது.

கிதாரில் கமகம்

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளை மெட்டுகள் என்பர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்து அவை வைக்கப்பட்டிருக்கின்றன. விரலை வைத்தால் அந்த ஒரு சுரம் நேராக ஒலிக்கும். மேற்கத்திய இசைக்கு அது போதும். கர்நாடக இசைக்குப் போதாது.

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் கணக்குப்படி ஒன்றே. ஆனால் அந்த ஏழையும் கிதாரில் வரிசையாக வாசித்தால் கேட்பவருக்குச் சங்கராபரணம் தோன்றாது. தோடியின் காந்தாரம் இன்னும் கடினம். அது ஒரே இடத்தில் நிற்கும் சுரமே அல்ல. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தை நோக்கி ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருப்பது. ஆட்டத்தை நிறுத்தினால் காந்தாரம் இருக்கும், தோடி இருக்காது.

வீணையிலும் மெட்டுகள் உண்டு. அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரங்களைப் பிடிக்கலாம். கிதாரிலும் தந்தியை இழுக்க முடியும். ப்ளூஸ், ராக் கலைஞர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கிதாரின் கழுத்து குறுகியது, தந்திகள் நெருக்கமானவை. ஒரு தந்தியை இழுத்தால் அடுத்தது வழியில் நிற்கும். ஆகவே கர்நாடகக் கிதாரில் மூன்று வேலைகள் கலந்து நடக்கின்றன. சில கமகங்களுக்கு விரல் மெட்டுகளின்மேல் சறுக்கிச் செல்லும். சிலவற்றுக்குத் தந்தி இழுக்கப்படும். வேகமான பிருகாக்களில் விரல் தட்டுவதாலும் எடுப்பதாலும் சுரம் பிறக்கும். எந்தப் பிடிக்கு எந்த வழி என்பதற்கு யாரும் எழுதிவைத்த பாடம் கிடையாது. குரு பாடிக் காட்டுவார் அல்லது வயலினில் வாசித்துக் காட்டுவார். வயலினில் மெட்டுகளே இல்லை. அதைக் கேட்டு மெட்டுள்ள வாத்தியத்தில் விரலிடம் கண்டுபிடிப்பது முழுக்க மாணவரின் பொறுப்பு. கன்யாகுமரியிடம் பயின்ற மாணவருக்கு இந்தச் சுமை கூடவே இருந்திருக்கும். அவரோ எம்.எல். வசந்தகுமாரியின் சீடர். மாண்டலின் ஸ்ரீநிவாஸுடனும் சாக்ஸஃபோன் கோபால்நாத்துடனும் மேடையேறியவர். புதிய வாத்தியத்தைக் கண்டு முகம் சுளிக்காத குரு கிடைப்பது சாதாரணமல்ல. 2016-ல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது.

சாகித்தியச் சிக்கலும் இருக்கிறது. கர்நாடக இசையில் வாத்தியக்காரரும் பாட்டைத்தான் வாசிக்கிறார். எந்த எழுத்தில் மீட்ட வேண்டும், எந்த எழுத்தை முந்தைய மீட்டின் நாதத்திலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது வீணைக் கலைஞர்கள் தலைமுறைகளாகப் பழகியது. மரக்கிதாரில் மீட்டிய நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். மின்கிதாரில் ஒலிபெருக்கி அந்த நாதத்தை நீண்ட நேரம் நிறுத்துகிறது. ஒரே மீட்டில் ஒரு முழுச் சங்கதியை வாசிக்க இடம் தருகிறது. பிரசன்னா மின்கிதாரையே கச்சேரி வாத்தியமாகக் கொண்டதைச் சிலர் ராக் மோகம் என்று நினைத்ததுண்டு. இசைக்காரணம் இதுதான்.

ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் இதே சிக்கலை எதிர்கொண்டார். எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற அவர், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 1970-களில் ‘சக்தி’ குழுவை நடத்தினார். அதற்காகவே மெட்டுகளுக்கு இடையிலான மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிதாரைச் செய்துகொண்டார். குழியில் தந்தியை இழுப்பதும் அழுத்துவதும் எளிது. ஆயினும் மெக்லாஃப்லினின் நோக்கம் ஜாஸும் இந்திய இசையும் கலந்த புதிய ஒன்று. தியாகராஜர் கீர்த்தனையை அதன் சங்கதிகளோடு, மிருதங்கமும் கடமும் துணைவர, ஆலாபனை முதல் தனி ஆவர்த்தனம் வரை கச்சேரி முறையில் வாசிப்பது வேறு வேலை. பிரசன்னா முதலில் செய்தது இரண்டாவதை. கலப்பிசை அதன் பிறகு வந்தது. இந்த வரிசை முக்கியமானது.

பாஸ்டனும் ஜாஸும்

பிரசன்னா அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் சேர்ந்து, ஜாஸ் மற்றும் மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பில் உயர்சிறப்புடன் பட்டம் பெற்றார். கச்சேரிக் கலைஞராக அறியப்பட்ட பின்னர் மீண்டும் மாணவராகப் போய் உட்கார்ந்தது அவருடைய பிற்காலப் பணிகள் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பெர்க்லீயில் கற்ற ஒத்திசை ராக இசையோடு மோதக்கூடியது. நம் இசையில் ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுவதும் அசையாமல் நிற்கிறது. மேற்கத்திய இசையில் பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலிகள் மாறிக்கொண்டே போகும். அவை மாறும்போது காது புதிய ஆதாரத்தைத் தேடிப் போகும். கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து உடனே விளங்கும். சங்கராபரணத்தில் ஆதாரத்தை ரிஷபத்துக்கு மாற்றினால் கரகரப்பிரியா, காந்தாரத்துக்கு மாற்றினால் தோடி, மத்யமத்துக்கு மாற்றினால் கல்யாணி. கவனமில்லாமல் கூட்டொலிகளை அடுக்கினால் எந்த ராகம் வாசிக்கிறோம் என்பதே குழம்பிவிடும். ராகம் மேலே கெடாமல் நடக்க, கீழே ஒத்திசை நகர வேண்டும். இசைக்கோவையாளராக பிரசன்னா திரும்பத் திரும்பக் கையாண்ட பிரச்சினை இது. எல்லா இடத்திலும் வெற்றி பெற்றார் என்று சொல்ல முடியாது. சில படைப்புகளில் ஒத்திசையின் கவர்ச்சியில் ராகம் ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிந்து செய்பவர் அவர்.

2006-ல் வெளிவந்த ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்த அஞ்சலி. ஹென்ட்ரிக்ஸின் 1968-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்பதை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அந்தத் தலைப்பு. ராக் கிதாருக்குத் தென்னிந்தியத் தாள வாத்தியங்களைப் பக்கவாத்தியமாக அமைத்திருந்தார். பாடல் தலைப்புகளில் திருவல்லிக்கேணியும் பெங்களூரும் வருகின்றன.

‘தீர்த்தா’ என்ற மூவர் குழு வேறு வகையானது. பியானோவில் விஜய் ஐயர், தபலாவில் நிதின் மிட்டா, கிதாரில் பிரசன்னா. இந்திய விடுதலையின் 60-ஆம் ஆண்டையொட்டி 2007-ல் நடந்த நிகழ்ச்சிக்காகக் கூடிய இக்குழுவின் ஆல்பம் 2011-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பின்னணி கொண்ட ஜாஸ் பியானோ கலைஞரும், ராணிப்பேட்டையில் வளர்ந்து அமெரிக்கா சென்ற கிதார் கலைஞரும் எதிரெதிர்த் திசைகளில் இருந்து வந்து சந்தித்த இசை அது. டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் ஸ்மித், சாக்ஸஃபோன் கலைஞர் ஜார்ஜ் புரூக்ஸ் ஆகியோருடன் ‘ராகா பாப் டிரையோ’ என்ற குழுவிலும் வாசித்தார். அவற்றுள் ‘தீர்த்தா’வே நின்று கேட்கத் தக்கது. அதில் அவசரம் இல்லை.

திரைத்துறையில் இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் ஆகியோருக்குக் கிதார் வாசித்திருக்கிறார். மேகன் மைலன் இயக்கிய ‘ஸ்மைல் பிங்கி’ என்ற குறும் ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். பிளவுபட்ட உதட்டுடன் பிறந்த உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்திக்குக் கிடைத்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிய படம் அது. 2009 பிப்ரவரியில் அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. அதே இரவில்தான் ஏ.ஆர். ரகுமான் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மற்ற செய்திகளுக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

செய்யூர் இசைப்பள்ளி

மாமல்லபுரத்தையும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் செய்யூர் வட்டம் வரும். உப்பளங்களும் தென்னந்தோப்புகளும் கழிமுகங்களும் கொண்ட நிலம். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் சிதைவுகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

இங்கே தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஸ்வர்ணபூமி வளாகத்தில் 2010-ல் இசை அகாதெமி தொடங்கப்பட்டது. பிரசன்னா அதன் தலைவரானார். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். ஜாஸ், ராக், கர்நாடக இசை ஆகியவை அருகருகே கற்பிக்கப்பட்டன. வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து வகுப்பெடுத்தார்கள். அதுவரை இத்தகைய கல்வி வேண்டுமானால் இந்திய மாணவர் பாஸ்டனுக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோதான் போக வேண்டியிருந்தது. அதற்கான செலவு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. பிரசன்னா தான் போய்ப் படித்ததைத் திரும்பக் கொண்டுவந்து கடற்கரைக் கிராமத்தில் வைத்தார் எனலாம். தனியார் பள்ளியின் கட்டணமும் எல்லாருக்கும் எட்டக்கூடியது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்பள்ளி முன்வைத்த கேள்வி பழையது. கர்நாடக இசை குருவின் வீட்டில், குருவின் குரலைக் கேட்டு, ஆண்டுக்கணக்கில் கற்கப்பட்டது. பாடத்திட்டம், பருவத் தேர்வு, பட்டயம் என்ற வடிவத்துக்குள் அது அடங்குமா என்ற ஐயம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்லூரி வந்த நாளிலிருந்தே இருக்கிறது. தாளத்தைப் பொறுத்தவரை அடங்கும் என்றே தோன்றுகிறது. ‘தகதிமி’, ‘தகிட’ என்று வாயால் சொல்லும் கொன்னக்கோல் எந்த வாத்தியம் வாசிப்பவருக்கும் பயன்படக்கூடியது. ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் நான்குக்குள் அடக்கும் கணக்கு, டிரம்ஸ் வாசிக்கும் மாணவருக்கும் பேஸ் கிதார் வாசிக்கும் மாணவருக்கும் ஒன்றுதான். அதற்கு மெட்டு இல்லை, தந்தி இல்லை, கையைத் தட்டினால் போதும். ராகம் அப்படி வகுப்பறைக்குள் வருவதில்லை. தோடியின் காந்தாரத்தை ஓராண்டில் கற்பித்துவிடலாம் என்று எந்த ஆசிரியரும் உறுதி தரமாட்டார்.

கிதார் மாணவர்களுக்கு இங்கே ஒரு அனுகூலம் இருந்தது. விரலிடம் கண்டுபிடிக்கும் சுமையை பிரசன்னா ஏற்கெனவே தனியாகச் சுமந்திருந்தார். எந்தச் சங்கதியைச் சறுக்கிப் பிடிப்பது, எதை இழுத்துப் பிடிப்பது என்பதை இப்போது ஒரு கிதார்க்காரர் இன்னொரு கிதார்க்காரருக்குக் காட்ட முடிந்தது. வயலினைக் கேட்டுக் கிதாருக்கு மொழிபெயர்க்க வேண்டிய தேவை அந்தத் தலைமுறைக்கு இல்லை.

சென்னையிலிருந்து செய்யூருக்குச் சென்ற மாணவர்களில் பலருக்கு அந்த ஊர்ப்பெயர் புதிதாக இருந்திருக்கக்கூடும். கர்நாடக இசைக்கு அது புதிய ஊர் அல்ல. செய்யூரின் கந்தசாமி கோயிலை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து பல கீர்த்தனைகள் இயற்றிய செய்யூர் செங்கல்வராய சாஸ்திரியின் பெயரில் முன்னால் நிற்பதும் இதே ஊர்தான்.